பதினெட்டு ஜாக்கெட்டுகள்

பிப்ரவரி 1, ஞாயிறு

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகச் செருப்பைக் கழுவினேன். பல் துலக்குவதற்கும் முன்பே. அலையாத்திக் காட்டுச் சேறு வயல் சேறு மாதிரி இல்லை. அரைத்த மாவு போல நைசாக, வார் தைத்த இடமெல்லாம் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. அழுகிய முட்டை வாடை. பழைய பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்தேன்.

"ஞாயித்துக்கிழமைகூடத் தூங்க விடமாட்டியா?" என்று உள்ளேயிருந்து இவர் கத்தினார். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

நேற்று நடந்ததை எழுதி வைக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள்.

ஒன்பதாம் வகுப்பு, முப்பத்தாறு பிள்ளைகள். பொறுப்பு என்னுடையது, உயிரியல் ஆசிரியை என்பதால். துணைக்கு பி.டி. மாஸ்டர் சுதாகர். மேலக்கண்டல் படகுத்துறைக்குப் பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். இரண்டு மோட்டார் படகுகள் சொல்லி வைத்திருந்தோம், படகுக்குப் பதினெட்டுப் பேர். துறையில் லைஃப் ஜாக்கெட்டும் பதினெட்டுதான். "மிஸ், சுதாகர் சாரும் ஜாக்கெட் போடணுமா?" என்று ஒருத்தி கேட்க, பெண்பிள்ளைகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டு படகுகளையும் நான் போட்டோ எடுத்தேன். பதினொன்றுக்குக் கிளம்பினோம். எங்கள் படகில் ஜாக்கெட் இல்லை. இருந்தவை இரண்டாம் படகுக்குப் போய்விட்டன.

ஆற்றிலிருந்து பிரிந்து குறுகிய கால்வாய்க்குள் போனதும் மரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தன. தண்ணீர் வடிந்துகொண்டிருந்த நேரம். கரைச் சேற்றில் மூச்சு வேர்கள் ஆணி அடித்தது போல ஆயிரக்கணக்கில் நின்றன. நடுவே மீன் ஒன்று துடுப்புகளை ஊன்றித் தாவிக்கொண்டிருந்தது. புத்தகத்தில் மட்டுமே நடத்திய மீன். "இடது பக்கம் பாருங்க!" என்றேன். எல்லோரும் எழுந்து இடது பக்கம் வந்துவிட்டார்கள். படகு சாய்ந்தது. கவிழவில்லை. ஓரத்தில் நின்ற மிருதுளா மட்டும் விழுந்துவிட்டாள்.

இடுப்பளவு தண்ணீர்தான். ஆனால் அடியில் சேறு காலைப் பிடித்துக்கொண்டது. தலை ஒருமுறை வெளியே வந்தது, பிறகு வரவில்லை. படகுக்காரர் காத்தலிங்கம் குதித்து, வேருக்கடியிலிருந்து அவளை உருவி எடுத்தார். வாயெல்லாம் சேறு. அவர் உள்ளங்காலைச் சிப்பி கிழித்து, படகெல்லாம் ரத்தம்.

இப்போது மிருதுளா பெரிய ஆஸ்பத்திரியில், ஆக்சிஜனில். நுரையீரலில் சேற்றுத் தண்ணீர் போயிருக்கிறதாம்.

இடது பக்கம் பார்க்கச் சொன்னது நான்தான். அதை யார் கேட்டாலும் சொல்வேன். மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 2, திங்கள்

முதல் பீரியட் முடிவதற்குள் தாளாளர் கூப்பிட்டனுப்பினார். சுதாகர் ஏற்கனவே அங்கே உட்கார்ந்திருந்தார். எனக்கு நாற்காலி இல்லை.

தாளாளர் தன் போனை என் பக்கம் திருப்பினார். பெற்றோர் குழுவில் சனிக்கிழமை நான் அனுப்பிய இரண்டு படங்கள். முதல் படகு, பதினெட்டுப் பிள்ளைகள், எல்லோர் மேலும் ஆரஞ்சு ஜாக்கெட். இரண்டாம் படகிலும் அப்படியே.

"உங்க போட்டோதாம்மா ஸ்கூலைக் காப்பாத்தியிருக்கு," என்றார். "அத்தனை பிள்ளையும் போட்டிருக்கு பாருங்க. நாம பாதுகாப்பாத்தான் ஏத்தி அனுப்பியிருக்கோம்."

"ஆனா சார், எங்க போட்ல..."

"அதுக்கப்புறம் கழட்டினது யாரு? அதான் கேள்வி. சுதாகர், அந்தப் பேப்பரைக் குடுங்க."

தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்தார்கள். வெயில் கடுமையாக இருப்பதாகக் கூறி, படகோட்டியானவர் மாணவ மாணவியரை லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றுமாறு அறிவுறுத்தினார். பொறுப்பாசிரியை எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை. கீழே என் பெயர், அதன் மேல் கையெழுத்துக்கு ஒரு கோடு.

ஜனவரி மாதம், காலை பதினொரு மணி. என்ன கடும் வெயில்? பொய் சொல்வதற்கும் கொஞ்சம் மெனக்கெட வேண்டாமா? "மாணவ மாணவியர்" என்பதை மட்டும் பிழையில்லாமல் அடிக்கத் தெரிந்திருக்கிறது.

"படிச்சுட்டுத் தர்றேன் சார்," என்றேன்.

"படிக்க என்னம்மா இருக்கு, அரைப் பக்கம்."

"ரெண்டாவது பீரியட் இருக்கு சார்."

வெளியே வரும்போது சுதாகர் பின்னாலேயே வந்தார். "மிஸ், உங்க போன்ல வேற போட்டோ ஏதாச்சும் இருந்தா அழிச்சிருங்க. சும்மா எதுக்கு இடத்த அடைச்சுக்கிட்டு?"

போனில் இடம் இல்லை என்று இந்த மனிதர் என்றைக்குக் கவலைப்பட்டார்? கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. மகன் ஆதவனுக்கு இயற்பியல் செய்முறைத் தேர்வு அடுத்த திங்கட்கிழமை. பாத்திரம் தேய்க்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

பிப்ரவரி 4, புதன்

காத்தலிங்கத்தைப் போலீஸ் ஸ்டேஷனில் நேற்று முழுக்க உட்கார வைத்திருந்தார்களாம். படகுச் சங்கத்தில் அவருடைய முறையை நிறுத்திவிட்டார்கள். துறையில் படகுகள் வரிசை முறைப்படிதான் போகும். முறை இல்லாவிட்டால் அவர் கட்டிப்போட்ட படகைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

இதெல்லாம் அவரே சொன்னது. மத்தியானம் ஆசிரியர் அறையில் இருந்தபோது போன் வந்தது. யார் நம்பர் கொடுத்தார்களோ.

"டீச்சரம்மா, காத்தலிங்கம் பேசறேன்."

"கால் எப்படிங்க இருக்கு?"

"கால வுடுங்க. பாப்பா எப்புடி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கா. ஆக்சிஜன் வச்சிருக்காங்க."

பிறகு, "நாந்தான் கழட்டச் சொன்னேன்னு எழுதியிருக்காமே ஒங்க ஸ்கூலு? வெயிலா இருக்குன்னு சொன்னேனாமே? ஏங்க, அம்பது வருசமா இந்த வெயில்லதாங்க கெடக்குறேன்! எனக்குத் தெரியாத வெயிலா?"

"நான் இன்னும் கையெழுத்துப் போடலங்க."

"போடலல்ல? அப்ப அன்னிக்கி நடந்தத நடந்தபடிக்குச் சொல்லுங்க. வேற ஒரு வார்த்த கூடவும் வேணாம், கொறையவும் வேணாம். தொறையில வச்சு நான் ஒங்கள்ட்ட என்ன சொன்னேன்? நெனவு இருக்கா?"

மணி அடித்தது. வகுப்புக்குப் போக வேண்டும் என்று வைத்துவிட்டேன். அந்தப் பீரியட் எனக்கு வகுப்பு இல்லை.

நினைவு இருக்கிறது. அவர் சொன்னது: "பதினெட்டு ஜாக்கெட்டுதான் இருக்கு டீச்சரம்மா. ரெண்டு நடையாப் போவோம். மொதல்ல ஒரு படகு போய்ட்டு வரட்டும், அதே ஜாக்கெட்ட மாட்டிக்கிட்டு அடுத்த படகு போவட்டும். அதுக்குள்ள மத்த புள்ளைவோ கரையில வெளாடட்டும். ஜாக்கெட் இல்லாம நான் ஏத்துறது இல்ல."

ஒரு நடைக்கு ஒன்றரை மணி நேரம். பஸ் இரண்டு மணிக்குள் பள்ளிக்குத் திரும்பிவிட வேண்டும், ஆண்டு விழா ஒத்திகைக்கு அது தேவை என்று தாளாளர் காலையிலிருந்து மூன்று தடவை போன் செய்திருந்தார். ஆண்டு விழாவாம்! கோலாட்டத்துக்குப் பஸ் வேண்டும் என்று அவசரப்படுத்திய ஆளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

பிப்ரவரி 5, வியாழன்

இவரிடம் பேப்பரைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார்.

"சரியாத்தானே எழுதியிருக்கான். போட்டுக் குடுத்துட்டு வா."

"இது பொய்ங்க."

"பொய்யில்லாம எந்த ஆபீஸ்ல பேப்பர் நகருது? நீ மட்டும் அரிச்சந்திரனா?"

"அந்த ஆள் இல்லன்னா அந்தப் பொண்ணு செத்திருப்பா."

"நல்லவன்தான். நான் இல்லங்கல. ஆனா பையன் அதே ஸ்கூல்ல பன்னெண்டாவது படிக்கறான்ல? பிராக்டிகல் மார்க் அவங்க கையில. உன் வீரத்த மே மாசம் வச்சுக்க."

ஆதவன் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தான். வெளியே வரவில்லை. பதினேழு வயசுப் பிள்ளைக்கு நாங்கள் என்ன கற்றுக்கொடுக்கிறோம் என்று நினைத்தபோது இவர் மேல் வந்த கோபத்தில், கையிலிருந்த தட்டைத் தொட்டிக்குள் போட்டேன். போட்டேன் என்றால் எறிந்தேன். "உடைஞ்சா வேற வாங்கணும்," என்றார். எவர்சில்வர் தட்டு எப்படி உடையும்?

இருபது வருஷமாக இந்த வீட்டில் நான் கோபப்படும்போதெல்லாம் பேச்சு பாத்திரத்துக்குப் போய்விடுகிறது.

பிப்ரவரி 6, வெள்ளி

ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி: ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள். மிருதுளா பேசுகிறாள்.

கழிவறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு எட்டாம் வகுப்புக்குப் போய், செல் பிரிதல் நடத்தினேன்.

ஸ்டேஷனில் தாளாளருக்குத் திங்கட்கிழமை வரை கெடு கொடுத்திருக்கிறார்களாம். பொறுப்பாசிரியையின் வாக்குமூலம் வந்ததும் காத்தலிங்கத்தின் மேல் வழக்குப் பதிவார்கள். சுதாகர் இதை என்னிடம் நல்ல செய்தி போலச் சொன்னார். "ஒரே கையெழுத்து மிஸ், எல்லாரும் நிம்மதியாயிடலாம்." எல்லாரும் என்றால் யார் யார் என்று கேட்டேன். சிரித்தார்.

ராத்திரிச் சமையலை முடித்துவிட்டு போட்டோக்களைப் பார்த்தேன். ஜாக்கெட்டுகளின் மார்பில் கறுப்புப் பெயிண்டில் எண் எழுதியிருக்கிறது. படகுச் சங்கத்துக்காரர்கள் காணாமல் போகக் கூடாதென்று எழுதியது. முதல் படத்தில் மிருதுளா ஏழாம் நம்பரைப் போட்டிருக்கிறாள். இரண்டாவது படத்தில் அதே ஏழு வேறொரு பெண்ணின் மேல் இருக்கிறது. முப்பத்தாறு பிள்ளைகள், பதினெட்டு எண்கள். பெரிது பண்ணிப் பார்த்தால் எவருக்கும் தெரியும். பெற்றோர் குழுவில் எழுபது பேர். ஒருவர்கூடப் பெரிது பண்ணிப் பார்க்கவில்லை. கைகூப்பும் பொம்மையும் பூங்கொத்துமாகப் போட்டுத் தள்ளியிருக்கிறார்கள்.

ஊரையே திட்டி ஐந்து நாள் எழுதியாயிற்று. இதையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டு படகிலும் பிள்ளைகள் ஜாக்கெட்டோடு இருப்பது போலப் போட்டோ எடுத்துவிடலாம் என்பது என் யோசனை. வருஷா வருஷம் நாங்கள் செய்வதுதான் இது. விளையாட்டு விழாவில் இருக்கிற பத்து ஷூவை மாற்றி மாற்றிப் போட்டு எல்லா அணியையும் படம் எடுப்போம். இன்ஸ்பெக்ஷன் என்றால் ஒரே மைக்ரோஸ்கோப் மூன்று அறைக்குப் போகும். படத்தில் இருந்தால் போதும், இருந்ததாகிவிடும். அந்தப் பழக்கத்தில் முதல் படகை எடுத்து முடித்ததும், "சீக்கிரம் கழட்டி அந்த போட்டுக்குக் குடுங்க," என்றேன். நான்தான் சொன்னேன். காத்தலிங்கம் சொல்லவில்லை. அவர் படகிலிருந்து இறங்கிக் கரையில் நின்றார். "நான் எடுக்க மாட்டேன்," என்றார். "டைம் இல்லைங்க, நான் பொறுப்பு, எடுங்க," என்றேன். நான் பொறுப்பு என்றுதான் சொன்னேன். இந்த இரண்டு வார்த்தைகளை நம்பி அந்த மனிதர் இன்ஜினைக் கிளப்பினார்.

இரண்டாம் படகையும் எடுத்த பிறகு, பாதி ஜாக்கெட்டையாவது திருப்பி வாங்கியிருக்கலாம். நீச்சல் தெரியாத பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கலாம். வாங்கப் போனபோது சுதாகர் அந்தப் படகிலிருந்து கத்தினார்: "மிஸ், இதுல தாளாளர் பேத்தி இருக்கு!" அவ்வளவுதான். கையை இறக்கிவிட்டேன். பேத்திக்கு ஒன்று போதுமே, மீதி பதினேழு எதற்கு என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

மிருதுளா கழற்றத் தயங்கினாள். "மிஸ், எனக்கு நீச்சல் தெரியாது. நான் மட்டும் போட்டுக்கிறேனே."

"எல்லாரும் சும்மாதானே இருக்காங்க? உனக்கு மட்டும் என்ன?" என்றேன். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் முகம் சிவந்துபோய், மடமடவென்று வார்களை அவிழ்த்தாள்.

பிப்ரவரி 7, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன், என்னவோ காய்ச்சல் பிள்ளையைப் பார்க்கப் போவது போல.

மிருதுளாவின் அப்பா சங்கரலிங்கம் தையற்காரர். எங்கள் பள்ளிச் சீருடையையே அவர்தான் தைக்கிறார். என்னைப் பார்த்ததும் வேட்டியை இறக்கிவிட்டு எழுந்து நின்றார். "வாங்க மிஸ், ஒக்காருங்க. ஒங்களுக்கெல்லாம் எவ்ளோ அலைச்சல்." ஒரு வாரமாக அவர் வார்டு வராந்தாவில் படுத்திருக்கிறார், என் அலைச்சலைக் கேட்கிறார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"படுபாவிப் பய மிஸ் அந்தப் படகுக்காரன்," என்றார். "எம்பொண்ணக் கொல்லப் பாத்தான். அவன் காலு வெட்டுப்பட்டுச்சாமே, நல்லா வேணும்."

நான் சாத்துக்குடிப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினேன்.

மிருதுளா எலும்பும் தோலுமாகத் தலையணையில் சாய்ந்திருந்தாள். குரல் கரகரவென்று வந்தது. அவள் அப்பா டீ வாங்கப் போனதும் என்னை அருகில் கூப்பிட்டாள்.

"மிஸ், நேத்து சுதாகர் சார் வந்தாரு. போலீஸ்காரங்க வந்தா என்ன சொல்லணும்னு சொல்லிக் குடுத்தாரு. சாயங்காலம் ஒரு லேடி போலீஸ் வந்தாங்க. சொல்லிட்டேன்."

"என்ன சொன்ன?"

முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாளே, அதே மாதிரி. நிறுத்தி நிறுத்தி ஒப்பித்தாள்: "வெயிலா இருக்குன்னு படகுக்கார அண்ணன்தான் கழட்டச் சொன்னாரு. மிஸ் வேணாம்னு சொன்னாங்க. நாங்கதான் கேக்கல."

மூச்சு வாங்கியது. பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரியாச் சொன்னேனா மிஸ்?" என்றாள்.

தப்பில்லாமல் சொன்னால் நான் எப்போதும் "வெரி குட்" என்பேன். அதற்காகக் காத்திருந்தாள்.

"உனக்கு என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டாள். போர்வை நூலைப் பிய்த்தாள். "இருக்கு மிஸ். ஆனா உங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு சார் சொன்னாரு." கொஞ்சம் கழித்து, "அந்த அண்ணன்தான் மிஸ் என் வாய்ல விரல விட்டு சேத்த எடுத்தாரு. அவரை ஜெயில்ல போட்டுருவாங்களா?"

அவள் அப்பா டீயோடு வந்துவிட்டார். சர்க்கரை அதிகம். முழுவதும் குடித்தேன்.

பஸ்ஸில் வரும்போது சன்னல் கம்பியை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்றால், இறங்கும்போது விரல் நிமிரவில்லை. சுதாகரைக் கொல்லலாம் போலிருந்தது. தாளாளரையும். ஆனால் அவர்கள் இருவரும் அந்தப் பிள்ளைக்குப் பொய்யைத்தான் கற்றுக்கொடுத்தார்கள். சரியாகச் சொன்னால் மிஸ் சந்தோஷப்படுவாள் என்பதை நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். ஜூன் மாதத்திலிருந்து, தினமும்.

பிப்ரவரி 8, ஞாயிறு

காலையில் இட்லி. ஆதவனின் வெள்ளைச் சட்டைக்கு நீலம் போட்டு இஸ்திரி செய்து வைத்தேன். ரெக்கார்டு நோட்டில் விட்டுப்போன இரண்டு பக்கங்களுக்கு அவன் படம் வரைந்தான். பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக் கொடுத்தேன்.

"அம்மா, நீ கையெழுத்துப் போட்டுட்டியா?" என்று நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"ஏன் கேக்கற?"

"சும்மா."

சும்மா இல்லை. போடச் சொல்கிறானா, வேண்டாம் என்கிறானா என்று அவன் முகத்தில் தேடினேன். பயம் இருந்தது. அது எந்தப் பக்கத்துப் பயம் என்று தெரியவில்லை. அவனைக் கேட்டு முடிவெடுப்பது அவன் தலையில் பாரத்தை ஏற்றுவது. இந்த வாரம் பிள்ளைகள் தலையில் ஏற்றியது போதும்.

மத்தியானம் தாளாளர் போன் செய்தார். நாளை ஒன்பது மணிக்குக் கையெழுத்தோடு வர வேண்டுமாம். "ஆதவன் நல்லா பிரிப்பேர் பண்றானாம்மா?" என்று கேட்டார். விசாரிப்பில் அவ்வளவு அன்பு. "பண்றான் சார்," என்றேன்.

இவர் தூங்கிய பிறகு அந்தத் தட்டச்சுப் பேப்பரை நான்காகக் கிழித்தேன். அது கோபத்தில் செய்தது, அதற்குப் பெரிய அர்த்தம் ஒன்றும் இல்லை, அவர்களிடம் இன்னொரு பிரதி இருக்கும். பிறகு ஆதவனின் ரஃப் நோட்டிலிருந்து இரண்டு தாள் எடுத்து என் கையால் எழுதினேன். பதினெட்டு ஜாக்கெட், படகுக்காரர் சொன்னது, நான் சொன்னது, மிருதுளா கேட்டது, நான் அதற்குச் சொன்னது. அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒன்றரைப் பக்கம் வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

வேலை போகும். வழக்கு என் மேல் வரும். ஆதவனின் மார்க்கில் கை வைப்பார்களா என்று தெரியாது. வைத்தால் அதற்கும் நான் தெருவில் இறங்கிக் கத்துவேன். கத்தத் தெரியாதவள் இல்லை நான், இத்தனை நாள் பாத்திரத்தின் மேல் கத்திக்கொண்டிருந்தேன்.

நாளைக் காலை ஐந்தரை மணி பஸ். ஸ்டேஷனுக்கு அப்புறம்தான் போவேன். முதலில் ஆஸ்பத்திரி. சங்கரலிங்கம் வராந்தாவில் பாயைச் சுருட்டிக்கொண்டிருப்பார். என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்பார், உட்காரச் சொல்வார். உட்காரக் கூடாது. "ஒரு விஷயம் சொல்லணும்" என்றெல்லாம் ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். அவர் வாய் திறப்பதற்குள் சொல்லிவிட வேண்டும்: "கழட்டச் சொன்னது நான்தான். உங்க பொண்ணு போட்டுக்கிறேன்னுதான் கேட்டா."

இவரிடம் சொல்லவில்லை. ஆதவனிடமும் இல்லை.